கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

வயலின் மேதை டி. சௌடய்யா (1895–1967) நான்கு தந்திகளோடு நிறைவு கொள்ளாது, மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து வாசித்தார். ஒலிபெருக்கி பரவாத அந்நாளில், அவையின் கடைசி வரிசையில் அமர்ந்தவர் செவிக்கும் நாதம் சென்று சேர வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் நினைவாகப் பெங்களூர் மல்லேசுவரம் பகுதியில் 1980-ஆம் ஆண்டு வயலின் வடிவிலேயே ஓர் அரங்கம் எழுந்தது. அவ்வடிவத்தைப் போற்றும் இந்நகரம், அதனைப் பிறப்பித்த எண்ணத்தைப் போற்றுகின்றதா? இல்லை என்பதே நம் துணிபு.

நகரின் நடுப்பகுதி நம் கண்முன்னே உருமாறிவிட்டது. மகாத்மா காந்தி சாலையில் 1936 முதல் விளங்கிய பிளாசா திரையரங்கம் மெட்ரோவுக்கு இடம் விட்டு மறைந்தது. 2011-இல் ரயில் ஓடத் தொடங்கிற்று. அச்சாலையின் மரநிழல் நடைபாதை இடிக்கப்பட்டு, 2013-இல் 'ரங்கோலி' என்னும் கலை மையமாக மீண்டது. சர்ச் தெரு கல் பாவப்பெற்று 2018-இல் புதுக்கோலம் பூண்டது. இவற்றைப் பழிப்பது நம் கருத்தன்று. வளரும் நகரம் மாறவே செய்யும். ஆனால், கலையின் பெயரால் அழகூட்டப்பட்ட இத்தெருக்களில் கலைஞன் நிற்பதற்கு இடம் உண்டா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

2025 பிப்ரவரி 9 அன்று, ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் சர்ச் தெருவில் நின்று பாடினார். காவலர் ஒருவர் வந்து ஒலிவாங்கியின் இணைப்பைத் துண்டித்தார். இசைவு பெற்றிருந்ததாகப் பாடகர் கூறினார். இசைவு தரப்படவில்லை எனக் காவல்துறை கூறிற்று. செய்தி உலகெங்கும் பரவியது. அவருக்கு இழப்பு ஏதுமில்லை. அதே நகரில் அவருக்கெனப் பெருமேடை காத்திருந்தது. ஆனால் உள்ளூர் இளைஞன் ஒருவனின் இணைப்பு துண்டிக்கப்பட்டால், அன்றைய உணவும் துண்டிக்கப்படுகிறது. அது எந்தச் செய்தித்தாளிலும் ஏறுவதில்லை.

பொதுக் கேளிக்கை இடங்களுக்கான 2005-ஆம் ஆண்டின் உரிம ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தபின், உணவகங்கள் பலவற்றில் நேரடி இசை நின்றுபோயிற்று. உரிமம் பெற வேண்டியவர் உரிமையாளர். ஊதியம் இழந்தவரோ கிதாரும் டிரம்ஸும் வாசித்தவர்!

"ஓசை குடியிருப்போரைத் துன்புறுத்துமே" என்பர் சிலர். ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை விலக்குகின்றன. அதனை மதிப்போம். ஆனால் நாள் முழுதும் ஊர்திகளின் ஊதலைப் பொறுக்கும் செவிகள், மாலை ஐந்து மணிக்கு ஒலிக்கும் ஒரு நாகசுரத்தைப் பொறுக்கமாட்டாவோ? அல்சூர்ச் சோமேசுவரர் கோயில் விழாவில் பூப்பல்லக்குகள் புறப்படும் இரவில் தவிலும் நாகசுரமும் முழங்க மக்கள் தெருவில் திரள்கின்றனரே, அவர்கள் செவியற்றவர்களா?

"தகுதி உள்ளவன் தானே மேலே வருவான்" என்பர் வேறு சிலர். மேடையின்றித் தகுதி எங்ஙனம் முதிரும்? நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவன் உண்டோ? 1939-இல் தோன்றிய ஸ்ரீ ராமசேவா மண்டலி, சாமராஜபேட்டைப் பள்ளித் திடலில் பந்தலிட்டு இராமநவமி இசைவிழா நடத்தி இந்நகருக்குக் கேள்விச் செல்வத்தை வளர்த்தது. கேட்போர் கூட்டம் தானே முளைப்பதன்று. ஆண்டுதோறும் உழுது விளைவிப்பது. கலைஞர் கூட்டமும் அத்தகையதே.

எனவே நாம் வேண்டுவன மூன்று. பொதுநிலத்தில், பொதுப்பணத்தில் நடைபெறும் எந்தக் கலைவிழாவிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் இந்நகரில் வாழும் கலைஞருக்கு ஒதுக்கப்படல் வேண்டும். 'வாய்ப்பே வெகுமதி' என்று கைவிரிக்காமல் ஊதியமும் தரப்படல் வேண்டும். ஒலிபெருக்கியின்றி இசைப்போருக்கு நடுநகரில் சில இடங்களும் நேரங்களும் வரையறுக்கப்பட்டு, அலைக்கழிப்பின்றி ஒரே அலுவலகத்தில் இசைவு கிடைத்தல் வேண்டும். புதிய வணிக வளாகங்களுக்கு ஒப்புதல் அளிக்கும்போதே, குறைந்த வாடகையில் ஒரு பயிற்சிக் கூடத்தையும் ஆட்சியாளர் கேட்டுப் பெறல் வேண்டும்.

தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு சொல். ஆண்டுவிழாவுக்குச் சென்னையிலிருந்து கலைஞரை வரவழைப்பது தவறன்று. ஆனால் சிவாஜி நகரிலும் அல்சூரிலும் வாழும் தவிற்கலைஞருக்கு வாயிற்படியும், உள்ளூர்ப் பாடகிக்குக் கடவுள் வாழ்த்தும் மட்டுமே உரியன என்னும் வழக்கம் ஒழிதல் வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து, நம் பிள்ளைகளுக்கு ஈண்டே மிருதங்கமும் வாய்ப்பாட்டும் பயிற்றுவிக்கின்றோம். மாதந்தோறும் கட்டணம் செலுத்துகின்றோம், அரங்கேற்றமும் நடத்துகின்றோம். அதற்கு மறுநாள் அவர்கள் எங்கே வாசிப்பர்? உள்ளூர் ஆசிரியருக்கு மேடை மறுக்கும் ஊர், அவர் மாணாக்கருக்கும் அதனை மறுக்கவே செய்யும்.

அடுத்த விழாவின் நிகழ்ச்சிநிரல் அச்சேறுமுன், அமைப்பாளர் ஒவ்வொருவரிடமும் நம் குடும்பத்தினர் இதனை நேரிற் கேட்பாராக: இந்நகரக் கலைஞருக்கு எத்தனை மணி நேரம்? எவ்வளவு ஊதியம்? விடை கிடைக்கும்வரை நன்கொடைச் சீட்டில் கையொப்பமிட வேண்டா.