ஈயம் விழும் இடமே கேள்வி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் கோழி வேட்டைக்கு 1919 முதல் சட்டப்படி பருவம் உண்டு. ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இப்பறவை, கடும் பனிக்காலத்தில் சதுப்பு நிலத்துச் சம்பங்கோரைக்குள் ஒதுங்குகிறது. வேட்டைக்காரர்களும் அங்கேயே தேடிப் போகிறார்கள். வேட்டையை நான் எதிர்க்கவில்லை. சேவலை மட்டுமே சுடலாம் என்பது விதி. ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணைவதால் இனம் குன்றுவதில்லை. என் எதிர்ப்பு ஈயக் குண்டுக்கு. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும் வாத்துகள், சேற்றில் கிடக்கும் ஈயத்தையும் விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அதனால்தான் 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் நாடு முழுவதும் ஈயம் தடைசெய்யப்பட்டது. ஆனால், தனியார் சதுப்பு நிலத்தில் ஃபெசன்டை இன்னும் ஈயத்தால் சுடலாம். குறி எந்தப் பறவை என்று சட்டம் பார்க்கிறது. குண்டு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டாமா?

ஈயத்துக்கு மாற்றான எஃகுக் குண்டு எடை குறைவு, தொலைவில் பறவையைக் காயப்படுத்தித் தப்பவிடும் என்பார்கள். தொலைவில் அது உண்மைதான். ஆனால் கோரைக்குள் பதுங்கும் கோழி பெரும்பாலும் அருகிலிருந்தே எழும்புகிறது. பழைய துப்பாக்கிக் குழல் எஃகைத் தாங்காது என்பது நியாயமான கவலை. அதற்கு மென்மையான பிஸ்மத் குண்டு இருக்கிறது. விலை கூடுதல்தான். அந்தச் செலவை வேட்டையாடுபவர் ஏற்கட்டும். வாத்துகள் உயிரால் செலுத்தக் கூடாது. சதுப்பு நிலம் யாருடையதாயினும் அங்கே ஈயத்துக்குத் தடை வேண்டும்.