கைதட்டலோடு தீராத கடன்

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவெய்தியதை முன்னிட்டு, செவிலியருக்கும் மருத்துவச்சியருக்கும் உரிய ஆண்டென உலக சுகாதார நிறுவனம் பிரகடனம் செய்திருந்த அதே 2020ஆம் வருஷத்தில்தான், கொரோனா என்னும் கொள்ளைநோய் வந்து அவர்களுடைய சேவா தர்மத்தைச் சோதித்தது. தலைமுதல் கால்வரை மூடிய கவச உடைக்குள், சென்னையின் கோடை வெப்பத்தில், தாகமெடுத்தாலும் தண்ணீர் அருந்த இயலாமல், வியர்வையில் ஊறிய கையுறைக்குள் விரல்கள் வெளுத்துச் சுருங்க, மணிக்கணக்கில் அவர்கள் நின்றார்கள். உற்றார் நுழைய அனுமதியில்லாத அந்த வார்டுகளில், மூச்சுத் திணறியவரைக் குப்புறப் படுக்கவைத்துப் பிராணவாயுவின் அளவைக் கவனிப்பதும், வீட்டாரின் முகத்தைக் கைப்பேசியில் காட்டுவதும், அந்திம வேளையில் கையைப் பற்றிக்கொள்வதும் அவர்களுடைய கடமைகளாயின. பணி முடிந்த பின்னரோ, பெற்ற குழந்தையைத் தொடவும் அஞ்சித் தனித்திருந்தார்கள். 2020 மார்ச் 22 அன்று தேசமே கைதட்டி அவர்களுக்கு வந்தனம் செலுத்தியது. ஆயினும், அந்த ஆபத்துக் காலத்தில் தமிழகத்தில் தற்காலிகமாக நியமனம் பெற்ற செவிலியருள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு பணி இழந்தனர். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்று உறவு கொண்டாடிவிட்டு, கரையேறியதும் நீ யார் என்று கேட்பது மனுஷ தர்மம் ஆகாது. நிரந்தர உத்தியோகமும், நியாயமான ஊதியமும், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற ஆள்பலமும் அவர்களுக்கு அளிப்பதே உண்மையான நன்றி. அதை நம் அரசுகள் இனியும் தாமதிக்கலாகாது.