ஆஜர் பட்டியலும் யந்திர தெய்வமும்

மாணாக்கர்களின் ஆஜரைக் குறிக்க விரல்ரேகை யந்திரமும் முகம் பார்க்கும் யந்திரமும் வந்துவிட்டன. 2018-ல் சென்னையில் அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே முகம் பார்க்கும் யந்திரம் வைத்தார்கள். நாம் யந்திரத்திற்கு விரோதிகளல்ல. பொய் ஆஜர் ஒழிந்தால் நல்லதுதான். ஆனால் வராதவனை வரவழைக்கும் சக்தி அதற்கு உண்டென்று நம்புவது, கல்லைக் கும்பிட்டால் மழை பெய்யுமென்று நம்புவதைவிட எவ்விதத்தில் உயர்ந்தது என்று கேட்கின்றோம்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடியானவன் மகன் திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரிக்குப் பஸ்ஸில்தான் போகவேண்டும். பஸ் தவறினால் முதல் வகுப்புப் போயிற்று. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாவிட்டால் ஒரு வாரமே போயிற்று. யந்திரம் இதையெல்லாம் கேட்குமா? பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்குச் சிறப்புப் பஸ் விடத் தெரிந்த சர்க்கார்தான் கேட்கவேண்டும்.

1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டது. பிள்ளைகள் வந்தார்கள். அன்று எந்த யந்திரம் இருந்தது?

நிற்க, 75 சதவீத ஆஜர் இல்லாதவன் பரீட்சை எழுதக்கூடாதென்று விதிக்கும் பல்கலைக்கழகங்கள் பல, சற்றுக் குறைந்தால் பணம் கட்டி மன்னிப்புப் பெறலாமென்றும் வைத்திருக்கின்றன. பாவத்திற்குப் புரோகிதன் பிராயச்சித்தத் தட்சிணை வாங்குவதற்கும் இதற்கும் என்ன பேதம்? பணமில்லாதவன்தானே இரண்டிடத்திலும் பாவியாகிறான்?

கல்லூரி அதிகாரிகள் யந்திரத்தை வைத்துக்கொள்ளட்டும். மூன்று நாள் வராதவன் வீட்டுக்கு ஓர் ஆசிரியரையும் அனுப்பட்டும். ஏன் வரவில்லையென்று கேட்டு, கிடைத்த பதிலை அந்த ஆஜர் பட்டியலிலேயே அவன் பெயருக்கு எதிரே எழுதட்டும்.