கட்டும் இல்லை, மரமும் இல்லை!

தூத்துக்குடி ஆங்கிலத்தில் 'டூட்டிகோரின்' ஆனது எல்லோருக்கும் தெரியும். கட்டுமரம் பட்ட பாட்டைப் பாருங்கள்! 1697-இல் வெளியான டாம்பியரின் பயண நூலிலேயே அது 'கேட்டமரான்' ஆகிவிட்டது. இன்று அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

சங்கு 'சாங்க்' ஆனது. முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுக்கு 'பார்' என்று பெயர். முத்துக்குளிப்பு பற்றிய ஆங்கில அறிக்கைகளில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். இப்போது பார் என்றால் நம் பிள்ளைகளுக்கு டாஸ்மாக்தான் ஞாபகம் வரும் :-)

வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரிக்கும் பெரியவர்கள் கடற்கரையில் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சொற்களை இப்போதே பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும். அதற்கும் இன்னொரு டாம்பியர் கப்பலேறி வரவேண்டுமா?