இன்வெர்ட்டர் இருக்கே, அப்புறம் எதுக்கு யூபிஎஸ்?

போன வாரம் இங்கே லக்னௌவில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். வத்தக்குழம்பு, அப்பளம், ஊர்க்கதை எல்லாம் முடிந்தபிறகு பெருமையாக ஒரு பெட்டியைக் காட்டினார். புது நாஸ் பெட்டி. உள்ளே ரெண்டு ஹார்ட்டிஸ்க், வீட்டு வைஃபையோடு இணைத்தாச்சு, பொண்ணு கல்யாணத்திலிருந்து பேரன் தவழ்ந்ததுவரை எல்லாப் படமும் அதற்குள். "சார், இதுக்கு யூபிஎஸ் என்ன போட்டிருக்கீங்க?" என்றேன். "எதுக்குங்க? அதான் வீடு பூரா இன்வெர்ட்டர் இருக்கே!" என்றார்.

சாப்பிட்ட வீட்டில் சண்டை போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே அடக்கினதை இங்கே கொட்டுகிறேன்.

2022 மே மாதம்வரை இதே வசனத்தை நானும் பேசிக்கொண்டிருந்தவன்தான். அதற்குக் கொடுத்த விலை அப்பாவின் குரல்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். என் மாற்றலோடு ஊர் ஊராகச் சுற்றிய பேத்திக்காக டேப் ரெக்கார்டரில் கதை சொல்லிப் பதிந்து அனுப்புவார். மொத்தம் 14 கதைகள். அவர் போனபிறகு கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. ஊரில் ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி வாங்கினேன். வீட்டைக் காலிசெய்தபோது கேசட்டுகள் குப்பைக்குப் போய்விட்டன. அதான் கம்ப்யூட்டரில் இருக்கே!

கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவசத்தை நிறுத்தியதும் பலரைப்போல நானும் நாஸ் வாங்கினேன். பெட்டியும் ரெண்டு 4 டிபி டிஸ்க்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட முப்பத்தைந்தாயிரம். ஒரு ராத்திரி லேப்டாப்பில் இருந்ததை எல்லாம் அதற்கு மாற்றப் போட்டுவிட்டுப் படுத்தேன். காப்பி இல்லை, கட்-பேஸ்ட். (என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன்.) பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. மூணு ஃபேனோடு பழைய பேட்டரி விடிகாலை மூணுவரை தாங்கியது. அப்புறம் அதுவும் படுத்துவிட்டது.

காலையில் பெட்டி சமர்த்தாக எழுந்தது. டிஸ்க் ரெண்டும் நலம். ஆனால் கதைகளில் மூன்று மட்டும் 0 கேபி. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. லேப்டாப்பிலும் இல்லை. "மாற்றியாச்சு" என்று அது அழித்துவிட்டது. எஸ்எஸ்டி என்பதால் மீட்கும் மென்பொருளெல்லாம் கையை விரித்தது.

நிற்க. இது எப்படி நடக்கிறது?

நாஸ் பெட்டி ஒரு கோப்பை வாங்கியதும் உடனே டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு "வந்தது" என்று சொல்லிவிடும். சில வினாடி கழித்துத்தான் டிஸ்க்குக்குப் போகும். எங்கள் பாஷையில் சொன்னால், சலானில் சீல் குத்திக் கொடுத்தாச்சு, பணம் இன்னும் கல்லாவுக்குப் போகவில்லை. அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பணம் அம்பேல்.

"அதுக்குத்தான் ஜர்னல் இருக்கே" என்று விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஜர்னல் உண்டு, வாஸ்தவம். பி.காம் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: முதலில் ஜர்னல், அப்புறம் லெட்ஜர். பாதியில் நின்றால் ஜர்னலைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஆனால் வழக்கமான அமைப்பில் அது சரிசெய்வது கோப்புகளின் பட்டியலைத்தான், உள்ளே இருக்கும் சரக்கை அல்ல. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிடும், கல்லாவில் பணம் இருக்காது. ரெண்டு டிஸ்க் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ரெண்டிலும் அதே 0 கேபிதான்.

இன்வெர்ட்டரை நான் திட்டவில்லை. அது ஃபேனுக்கும் லைட்டுக்கும் பிறந்தது. ஃபேன் பொசுக்கென்று நின்றால் வியர்க்கும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் மூணு மணிநேரம் தரும், நாலு மணிநேரம் தரும். ஆனால் தான் போகப்போகிறேன் என்று பெட்டிக்குச் சொல்லாது. டேட்டா கேபிள் உள்ள யூபிஎஸ் அரைமணிதான் தாங்கும், ஆனால் சொல்லிவிட்டுப் போகும். "கரண்ட் போயிடுச்சு, என் கையிலும் தீரப்போகுது, கடையைக் கட்டு" என்று யூஎஸ்பி வழியாகச் சொல்லும். சினாலஜி, க்யூநாப் போன்ற பெட்டிகள் அதைக் கேட்டு, பாக்கியை எல்லாம் டிஸ்க்கில் எழுதி, கணக்கை மூடிவிட்டு நிற்கும். நம் வீடுகளில் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் யாரும் படி இறங்குவதில்லையே, பெட்டிக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா?

குர்காவ், நொய்டா அடுக்குமாடி மக்கள் சிரிக்கவேண்டாம். "எங்க சொசைட்டியில 100% பவர் பேக்கப்" என்பீர்கள். ஜெனரேட்டர் கிளம்பி லைன் மாற சில வினாடி ஆகும். டிவி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தால் உங்களுக்குக் கவலையில்லை. நாஸுக்கு அது சாவு. பல இடங்களில் மெயின் திரும்பும்போதும் ஒரு வெட்டு. ஆக ஒரு மின்வெட்டுக்கு ரெண்டு சாவு. ரவுட்டருக்கென்று விற்கும் குட்டி 12 வோல்ட் பெட்டிகளும் அப்படித்தான். நேரம் தரும், தகவல் தராது.

சரி, கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "கித்னா பேக்கப் சாஹியே?" அங்கேயே கோட்டை விடாதீர்கள். நீங்கள் கேட்கவேண்டியவை:

1. டேட்டா போர்ட் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த பேச்சே வேண்டாம். எனக்கு முதலில் "ஹோ ஜாயேகா சார்" என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பின்னால் யூஎஸ்பி ஓட்டை இருந்தது, ஆனால் மொபைல் சார்ஜ் பண்ண மட்டும்! மாடல் எண்ணைக் குறித்துவந்து, நாஸ் கம்பெனி வெளியிடும் பொருந்தும் யூபிஎஸ் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2. விஏ வேறு, வாட் வேறு. 600 விஏ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். பயப்படவேண்டாம். ரெண்டு டிஸ்க் நாஸ், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்தே 50 வாட்டுக்குள் அடங்கும். 1500 விஏவுக்குக் காசை இறைக்காதீர்கள். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் சொருகிவிடாதீர்கள்.

3. பேட்டரியை மாற்ற முடியுமா? சின்ன யூபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிதான். எந்த ஊரிலும் கிடைக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் கணக்கு. லக்னௌ மே மாதத்தில் அதைப் பரணில் வைப்பவர் புண்ணியவான். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற இப்போதே பட்ஜெட்டில் எழுதிவையுங்கள். பழசைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுங்கள், ஈயம்.

4. இன்வெர்ட்டர் இருந்தால் யூபிஎஸ்ஸை அதற்குப் பின்னால் மாட்டுங்கள். நேரத்துக்கு அது, தகவலுக்கு இது. ஆனால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் சில யூபிஎஸ் அதைக் கரண்ட் என்றே ஒத்துக்கொள்ளாமல் பேட்டரிக்கு ஓடும். சைன் வேவ் நல்லது.

வாங்கினால் போதாது. நாஸ் அமைப்பில் யூபிஎஸ் பகுதியைத் திறந்து, "ஐந்து நிமிஷத்தில் நிறுத்து" என்று தட்டிவிட்டு, பெட்டி சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்து யூபிஎஸ் ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சொல்பேச்சு கேட்டு நிற்கிறதா? நின்றால்தான் வேலை முடிந்தது.

யூபிஎஸ் என்பது பேக்கப்புக்கு மாற்று இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு எனக்குப் பிடிக்கும்: மூன்று பிரதி, ரெண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. எனது மூன்றாவது பிரதி கோயம்புத்தூரில் தங்கச்சி வீட்டு பீரோவில். அன்றைக்கு அது இருந்திருந்தால் இந்தப் புலம்பலே இல்லை.

என் யூபிஎஸ், பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் ஆன செலவில் நாலில் ஒரு பங்கு. "அவ்வளவா?" என்று முதலில் தள்ளிப்போட்டதும் நான்தான். வேலைக்காகத் தொலைவில் வந்து கிடக்கும் நமக்கு ஊரில் வீடு இல்லை, பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். மிச்சம் இருப்பது இந்தப் பெட்டிக்குள்தான். காணாமல்போன மூன்றில் ஒரு கதை என் பொண்ணுக்குப் பாதி ஞாபகம் இருக்கிறது. மீதியைத் தாத்தாதான் சொல்லவேண்டும்.

வருகிற ஞாயிறு அந்த வத்தக்குழம்பு வீட்டுக்கு மறுபடி போகிறேன். இந்தத் தடவை சாப்பாட்டுக்கு முன்னாலேயே சண்டை.