தோலுரித்த தக்காளியும் வாய்மூடிய பாட்டியும்

மார்ச் க்ளோசிங் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். ஒரு மாதமாக மனசை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை எழுதிவிடுகிறேன். தக்காளிதானே என்று சிரிக்காதீர்கள்.

என் பெண் ப்ளஸ் டூ. தெற்கு தில்லியில் ஒரு சமையல் வகுப்பு. நாலு சனிக்கிழமைக்கு ஃபீஸ் கட்டியது சாட்சாத் நான்தான். முதல் வாரமே 'கான்காஸே' கற்றுக்கொண்டு வந்தாள். பிரெஞ்சு சமையலின் அரிச்சுவடி. தக்காளியின் காம்புக் குழியைக் கத்தி முனையால் தோண்டி எடுக்க வேண்டும். அடியில் பெருக்கல் குறி மாதிரி லேசாகக் கீறி, கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிஷத்துக்கும் குறைவாகப் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கினால் தோல் சட்டை மாதிரி கழன்று வரும். குறுக்கே வெட்டி, விதையைப் பிழிந்து எறிந்துவிட்டு, சதையைப் பொடியாக நறுக்க வேண்டும். அழகாகத்தான் செய்தாள். நானும் போட்டோ எடுத்தேன்.

மறுநாள் என் அம்மா வழக்கம்போல் புளித்தண்ணீரில் நாலு தக்காளியைக் கையால் பிசைந்து போட்டுக்கொண்டிருந்தாள். "பாட்டி, இது ராங் மெத்தட். தோல், விதை எல்லாம் எடுக்கணும். கையால வேற பிசையற, சே" என்றாள் பெண். நான் பேப்பருக்குப் பின்னால் சிரித்தேன். அம்மா கையைக் கழுவிக்கொண்டு, "சரிடி, நீயே பண்ணு" என்று பால்கனிக்குப் போய்விட்டாள். ஆறு வருஷமாக எங்கள் வீட்டு ரசம் அவள் கையில்தான். அன்றிலிருந்து அவள் அடுப்புப் பக்கம் வரவில்லை.

என் கட்சி இதுதான். கான்காஸே மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வெண்ணெயில் மெதுவாக வற்ற வைக்கும் சாஸில் தோல் கரையாது, சுருண்டு நாக்கில் ஒட்டும். விதையைச் சுற்றியுள்ள நீர் சாஸை நீர்க்கடித்துவிடும். அதனால் எடுக்கிறார்கள், நியாயம். நம்ம தில்லி மக்கனி கிரேவியிலும் தோலும் விதையும் வடிகட்டியில் நின்றுவிடும். ஆனால் வெந்து சாறெல்லாம் இறங்கிய பிறகு. பல் இல்லாதவர்களுக்கும், டாக்டர் விதை வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ரசத்தின் கதை வேறு. அங்கே நீர்தான் ராஜா. அந்த நீரில் இறங்க வேண்டியதே விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான சாறுதான். 2007-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெஸ்டன் ப்ளூமென்தால் என்ற பிரபல சமையல்காரரோடு சேர்ந்து இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நாக்குக்கு ருசி கொடுக்கும் குளூட்டமேட் சதையைவிட இந்தச் சாறில்தான் அதிகமாம். தக்காளியின் சிவப்புச் சத்தான லைகோபீன் தோலில்தான் செறிந்திருக்கிறது. ஆக, ரசத்துக்குக் கான்காஸே செய்வது முதலைக் குப்பையில் போட்டுவிட்டு வட்டியை எண்ணுகிற வேலை.

பேங்க் புத்தி சும்மா இருக்குமா? சமையலறைத் தராசில் நிறுத்தேன். ஒரு கிலோ தக்காளியில் முக்கால் கிலோகூடத் தேறவில்லை. 2023 ஜூலையில் தில்லியில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கிறதா? அரசாங்கமே வேனில் வைத்து 90 ரூபாய்க்கு விற்றது. அந்த வரிசையில் வேகாத வெயிலில் நின்று இரண்டு கிலோ வாங்கி வந்தவள் என் அம்மா. அவளிடம் போய் விதையை எறி என்பதா?

இன்னொன்று. கான்காஸே என்ற சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தேன். பிரெஞ்சில் 'நொறுக்குவது, உடைப்பது' என்று அர்த்தம். அதாவது கத்தியே இல்லாமல் அந்தச் சொல்லுக்கு நேர்மையாக நடந்துகொண்டவள் எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான்!

ஊரை விட்டு வந்த நமக்கு ஒரு வியாதி இருக்கிறது. பெயரும் ஃபீஸும் உள்ளதை வித்தை என்கிறோம். பெயரில்லாமல் கையில் இருப்பதைப் பழக்கம் என்று தள்ளுகிறோம். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அன்றைக்குச் சிரித்தவன் நான். "அது சாஸுக்கு, இது ரசத்துக்கு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

போன ஞாயிறு பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் நாலு தக்காளியையும் புளித்தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். "எவ்வளவு பிசையணும் பாட்டி?" அம்மா நிமிரவே இல்லை. "கைக்குத் தெரியும்டி" என்றாள். ஆனால் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் யாருடைய கை சும்மா இருக்கிறது? போய்ப் பாருங்கள்.