ஆழம் தூய்மைக்குச் சான்றாகுமா?

நாவலப்பிட்டியில் மழைக்குக் குறைவில்லை. மலைச்சரிவுகளிற் பீலிகளாய் வழிந்து, ஓடைகளாய்க் கூடி, மகாவலியிற் சேரும் நீர் பாறையோடு நெடுநாள் தங்குவதில்லை. ஆதலின் அதிற் கரைந்துள்ள மூலகங்களும் சொற்பமே. இதே நாட்டின் உலர் வலயத்திலோ நிலைமை வேறு. அங்கு நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளில் மெல்ல நகர்கின்றது. வெயிலின் கடுமையால் ஆவியாதலும் மிகுகின்றது. பாறைக் கனியங்களிலிருந்து வெளிப்படும் புளோரைட்டு அந்நீரிற் செறிகின்றது. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் சிறுவர் பலரின் பற்களிற் காணப்படும் கபிலநிறக் கறை இதன் விளைவேயாம். அளவு மிகுந்தால் எலும்பும் தப்பாது.

ஆழத் தோண்டினால் நல்ல நீர் கிட்டும் என்னும் நம்பிக்கை மக்களிடையே மட்டுமன்றி, கிணறு தோண்டுவிப்போரிடையேயும் வேரூன்றியுள்ளது. இது பாதி உண்மை. ஆழம் கிருமிகளைக் குறைக்கலாம். கரைந்த மூலகங்களை அது வடிகட்டுவதில்லை. நீர் பாறையோடு தங்குங் காலம் நீளுந்தோறும் அவை பெருகவும் கூடும்.

பங்களாதேசம் இதற்குப் பெருஞ்சான்று. மேற்பரப்பு நீரால் வயிற்றோட்டம் பரவுவதைத் தடுக்கவென அங்கு இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. கிருமிகளைத் தேடியோர் ஆசனிக்கைத் தேடினாரில்லை. வண்டற் படிவுகளில் இரும்பு ஒட்சைட்டுகளைப் பற்றிக் கிடந்த ஆசனிக்கு, ஒட்சிசனற்ற சூழலில் விடுபட்டு நீரிற் கலந்தது. 1993இல் அது கண்டறியப்பட்டபோது மக்கள் அந்நீரைப் பல்லாண்டு பருகியிருந்தனர். அங்கு இன்னும் ஆழமான கிணறுகள் பல தீங்கற்றவையாய் இருந்தமையும் உண்மையே. அதுவும் இவ்வாதத்துக்கே அரண் செய்கின்றது: நீரின் குணத்தைத் தீர்மானிப்பது ஆழமன்று, அது தங்கிய படிவின் இயல்பே.

முதலில் நீர் கிடைக்கட்டும், சோதனை பின்னர் ஆகட்டும் என்பாருளர். கிணறு தோண்டும் செலவோடு ஒப்பிடின் புளோரைட்டுச் சோதனையின் செலவு அற்பமானது. 1990களில் வட மத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோயின் காரணம் இன்றும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. நீரின் வன்தன்மையும் புளோரைட்டும் ஐயுறப்படுவனவற்றுள் அடங்கும். ஐயத்தை முடிவாக்குதல் அறிவன்று. அதனையே சாட்டாக்கிச் சோதனையைத் தள்ளிப்போடுதல் அறமுமன்று.

அறிவு இல்லாமலில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சீ. பி. திசாநாயக்கவும் உடன் ஆய்வாளரும் 1980களிலேயே இலங்கையின் நிலத்தடி நீர் இரசாயனத்தைப் படவரைவாக்கி நூலாக்கினர். ஆங்கிலத்தில் அமைந்த அவ்வறிவு, நீர் மொண்டு குடிப்போரின் மொழியில் அவர்தம் கிணற்றடியை எட்டியதா என்பதே வினா. உலக சுகாதார நிறுவனம் இலீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டை மேலெல்லையாகக் கொண்டுள்ளது. வெப்ப நாட்டார் மிகுதியாக நீரருந்துவர்; இலங்கைத் தரநிர்ணயமோ 1.0 மில்லிகிராம் என்கின்றது. தன் கிணறு இவ்வெல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை அறிதல் குடிப்போனின் உரிமை. ஒவ்வொரு பொதுக் குழாய்க் கிணற்றருகிலும் அதன் அளவு தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும். தமிழில் அறிவியல் வளரவேண்டுமென மேடைதோறும் முழங்குவோர் முதலில் கோரவேண்டியது இதுவே.

நாவலப்பிட்டியைக் கடந்து வரும் மகாவலியின் நீர் 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு உலர் வலய வயல்களுக்குச் செல்கின்றது. மலையைக் குடைந்து வயலுக்கு நீர் அனுப்பிய நாட்டுக்கு, கிணற்றடியில் ஓர் எண்ணை எழுதிவைத்தல் அரிய செயலாகுமா?